எலீஸ் அக்கா மாற்றாத சொல்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பிரெஞ்சுத் துறைத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் மூத்த பேராசிரியர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எலீஸ் அக்காவின் கணவர் அவர்களே, மகளே, கட்டுரையைக் கடைசி நேரத்தில் எலீஸ் அக்காவிடம் நீட்டிப் பிழை திருத்தி வாங்கிக்கொண்டு வகுப்புக்கு ஓடிய மாணவ மாணவிகளே, அலுவலக நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகப் பேசினார்கள். 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்றார்கள். 'துறையின் தூண்' என்றார்கள். 'அம்மையார் அவர்கள்' என்றும் சொன்னார்கள். கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. கூச்சமாக இருந்தது. யாரைத் தூண் என்கிறோம்? அந்தத் தூணுக்கு இந்தக் கட்டடத்தில் உட்கார ஒரு நாற்காலி கொடுத்திருந்தோமா? நூலகத்தில் இடம் இல்லாத நாட்களில் மாடிப்படியில் உட்கார்ந்து ஆய்வேடு எழுதியவர் அவர். அந்தப் படியில் அவரைத் தாண்டித்தான் நாமெல்லாம் ஏறினோம், இறங்கினோம்.

நான் அவருடைய ஆய்வு நெறியாளர். வயதில் அவரைவிட ஐந்து வயது சின்னவள். என்னை அவர் 'மேடம்' என்பார். எனவே அவரைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைத்து அழைத்திருக்கிறீர்கள். உரிமை இருக்கிறதா என்று நான் பேசி முடித்தபிறகு நீங்களே சொல்லுங்கள்.

எலீஸ் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. கால் சென்டர் கொடுத்த பெயர். பிரான்ஸில் ஒரு வீட்டில் இன்டர்நெட் நின்றுபோனால் அங்கிருப்பவர்கள் கூப்பிடும் எண்ணுக்கு, கடல் தாண்டி இங்கே ஒரு கட்டடத்தில் உட்கார்ந்து பதில் சொன்னவர் அவர். நம் பெயர்கள் அவர்கள் வாயில் நுழையாது என்று நிறுவனம் ஆளுக்கு ஒரு பிரெஞ்சுப் பெயரைக் கொடுத்தது. அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே படிக்க வந்தபோது, முதல் நாளே ஆசிரியர் அறையில் யாரோ வேடிக்கையாக 'எலீஸ் வந்தாச்சா?' என்று கேட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது. மாணவர்கள் அதோடு 'அக்கா' சேர்த்துக்கொண்டார்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் எதையும் சேர்க்கவில்லை.

கால் சென்டரில் இருந்தவர் எப்படி இலக்கியத்துக்கு வந்தார்? அனுமதி நேர்காணலில் இதைத்தான் கேட்டோம். "ஒரு மோடம் சரியாக ரொம்ப நேரம் ஆச்சு, சார்" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அவர் சொன்னது உண்மை.

பிரெஞ்சு பேசும் தூரத்துத் தீவுகளிலிருந்தும், பிரான்ஸில் குடியேறிய ஆப்பிரிக்கக் குடும்பங்களிலிருந்தும் வரும் அழைப்புகளைக் கூட வேலை பார்த்தவர்கள் 'உச்சரிப்பு புரியல' என்று அவரிடம் தள்ளிவிடுவார்களாம். ஒருநாள் அப்படி வந்தது ஒரு பெரியவரின் அழைப்பு. ஓய்வுபெற்ற தையல்காரர். மோடத்தை அணைத்துப் போட்டு, விளக்கு பச்சையாகும்வரை காத்திருக்கச் சொல்லியிருக்கிறார் எலீஸ் அக்கா. காத்திருக்கும் நேரத்தில் பெரியவர், எந்த ஊரிலிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி ஒரு பிரெஞ்சு நகரத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறார் அக்கா. பெரியவர் சிரித்திருக்கிறார். தானும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வேறு ஒரு பெயரில்தான் வேலை பார்த்ததாகவும், சொந்தப் பெயரைச் சொன்னால் யாரும் வேலை தரவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். பிறகு, தன் நாட்டுப் பெண் ஒருவர் எழுதிய நாவல், ஒரு பணிப்பெண்ணின் கதை, அதைத் தன் மனைவி உரக்கப் படித்துக் காட்டுவாள் என்று சொல்லி, அந்த நாவலின் பெயரையும் எழுத்துக்கூட்டிச் சொன்னாராம். விளக்கு பச்சையானது. அழைப்பு முடிந்தது. அந்த நாவலை வரவழைத்துப் படித்தார் எலீஸ் அக்கா. அதன்பிறகு அந்த வேலையில் அவரால் நிலைக்க முடியவில்லை.

பள்ளிக்கூடம் போகும் ஒரு மகளை வைத்துக்கொண்டு, லேத்துப் பட்டறையில் வேலை செய்யும் கணவரிடம் 'நான் படிக்கப் போகட்டுமா' என்று கேட்டவர் அவர். முதுகலை முடித்து, நாற்பதை நெருங்கும் வயதில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்தார். பாரிஸ் எழுத்தாளர்களை விட்டால் பிரெஞ்சு இலக்கியமே கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்த துறை இது. இங்கே வந்து, பிரெஞ்சில் எழுதும் ஆப்பிரிக்க, தீவு நாட்டுப் பெண்களின் நாவல்களை எடுத்துக்கொண்டார். அந்த நாவல்களில் வரும் பணிப்பெண்களை எடுத்துக்கொண்டார். அவர்களை யார் 'நீ' என்கிறார்கள், யார் 'நீங்கள்' என்கிறார்கள் என்பதை எடுத்துக்கொண்டார்.

பிரெஞ்சில் 'நீ' என்பதற்கு 'தூ'. 'நீங்கள்' என்பதற்கு 'வூ'. "முதல் வார்த்தை நம்ம காதுக்கு எப்படிக் கேக்குதோ, அந்தப் பணிப்பெண்ணுக்கும் அப்படித்தான் கேக்கும்" என்று, எங்களில் யாராவது விடுப்பு எடுத்த நாளில் வகுப்பெடுக்கும்போது அவர் மாணவர்களுக்குச் சொல்வார். வகுப்பே சிரிக்கும். சிரித்து முடித்ததும் அடுத்த பக்கத்தைப் புரட்டச் சொல்வார். யாருக்கும் சிரிப்பு வராது.

ஆய்வுக்குழுவின் முதல் கூட்டத்தில் அவரிடம் என்ன கேட்கப்பட்டது? "இது இலக்கியமா, வேலைக்காரங்க மரியாதைப் பஞ்சாயத்தா?" கேட்டவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அதைக் கேட்டுச் சிரித்த வாய்களில் என்னுடையதும் ஒன்று. அவர் சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை.

அவர் கண்டுபிடித்ததில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அவர் படித்த நாவல்களில் ஆண்டுக்கணக்காகப் பணிப்பெண்ணை 'நீ, வா, போ' என்றே அழைக்கும் எஜமானி, ஒரே ஒரு நாள் திடீரென்று 'நீங்கள்' என்கிறாள். என்றைக்கு? வேலையை விட்டு அனுப்பும் நாளில். மரியாதை வருவது வாசல்படியில்தான். ஒரு நாவலில் இல்லை, திரும்பத் திரும்ப, வேறு வேறு நாடுகளில் எழுதப்பட்ட நாவல்களில் இதை அவர் காட்டினார். எனக்கு முன்னால் பேசியவர்கள் ஒவ்வொருவரும் 'அம்மையார் அவர்கள்' என்றபோது எனக்கு ஏன் கூசியது என்று இப்போது புரிகிறதா? நாமும் வாசல்படியில்தான் நிற்கிறோம்.

இருக்கட்டும். அந்தக் கருத்தரங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இறங்கினால் இந்த மேடையில் நான் ஏறியதற்கே பொருள் இல்லை. தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா.

போன ஆண்டு ஒரு தீவு நாட்டிலிருந்து பெண் நாவலாசிரியர் ஒருவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தோம். இதே அரங்கம். பிரெஞ்சு தெரியாதவர்களும் நிறையப் பேர் வருவார்கள் என்பதால், மேடையில் பேசுவதை உடனுக்குடன் மொழிபெயர்க்க ஏற்பாடு செய்திருந்தோம். அவர் பிரெஞ்சில் பேசுவது நம் காதில் தமிழாகக் கேட்கும். நாம் தமிழில் பேசுவது அவர் காதில் பிரெஞ்சாகக் கேட்கும். மொழிபெயர்ப்பாளர் யார்? வேறு யார் இருக்கிறார்கள்! அதோ, பின்னால் தெரிகிறதே, புரொஜெக்டர் வைக்கும் கண்ணாடி அறை. அதற்குள் ஒரு மைக்கை வைத்து எலீஸ் அக்காவை உட்கார வைத்தோம். தண்ணீர் பாட்டில் பெட்டிகளை வைக்க இடமில்லாமல் அந்த அறையின் கதவை ஒட்டி அடுக்கிவிட்டோம். உள்ளே ஆள் இருப்பது யாருக்கும் உறைக்கவில்லை.

அந்த நாவலாசிரியரின் பேச்சு எங்களில் பாதிப் பேருக்குப் பிடிபடவில்லை. அது தீவின் பிரெஞ்சு. ஓட்டமும் பாட்டும் கலந்தது. நாங்கள் ஆசிரியர்களே ஹெட்போனை மாட்டிக்கொண்டு தமிழில்தான் கேட்டோம். அவர் சிரித்த இடத்தில் அரங்கம் சிரித்தது. அவர் குரல் தழுதழுத்த இடத்தில் நம் காதிலும் ஒரு குரல் தழுதழுத்தது. பேசி முடித்ததும் அவர் தன் ஹெட்போனைத் தொட்டுக்காட்டி, என் காதுக்குள் பேசிக்கொண்டிருக்கும் அந்தப் பெண் யார், அவரை நான் பார்க்க வேண்டும், வணங்க வேண்டும் என்று சொன்னார்.

தலைவர் அவர்கள் மைக்கைப் பிடித்தார்கள். சிரித்துக்கொண்டே தமிழில் சொன்னார்கள். "அதுவா? அது நம்ம ஆபீஸ்ல ஒத்தாசைக்கு இருக்கிற பொண்ணு. கொஞ்சம் பிரெஞ்சு பேசும்."

அரங்கம் சிரித்தது. அந்த அரங்கத்தில் இருந்தவர்கள் பாதிப் பேராவது இன்று இங்கே இருக்கிறீர்கள்.

மேடையில் யார் என்ன சொன்னாலும் மொழிபெயர்க்க வேண்டியது அவர் வேலை. நாவலாசிரியர் ஹெட்போனோடு காத்திருக்கிறார். நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில், பிரெஞ்சு வரும் இன்னொரு ஹெட்போனோடு இருந்தேன். ஒரு மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு எலீஸ் அக்காவின் குரல், எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், அந்த வாக்கியத்தைப் பிரெஞ்சில் சொன்னது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'அது பேசும்' என்பதை அப்படியே சொல்லப் பிரெஞ்சில் நேரான வழி இல்லை. பெண்ணைச் சுட்ட 'அவள்' என்ற ஒரே சொல்தான். 'அவள் கொஞ்சம் பிரெஞ்சு பேசுவாள்' என்று சொல்லியிருந்தால் மொழி அவரைக் காப்பாற்றியிருக்கும். யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. எலீஸ் அக்கா அப்படிச் சொல்லவில்லை. 'சா' என்றார். மேசையை, நாற்காலியை, பொருளைச் சுட்டும் சொல் அது. மனிதரைச் சுட்டினால் இழிவு. தமிழில் என்ன சொல்லப்பட்டதோ, அதே எடையில் ஒரு சொல்லைத் தேடி எடுத்து, தன் மேலேயே வைத்துக்கொண்டார்.

நாவலாசிரியர் முகம் மாறியது. அவர் மைக்கில் ஒரு கேள்வி கேட்டார். அடுத்த நொடி நம் எல்லோர் காதிலும் அது தமிழில் வந்தது. "இப்படிச் சொன்னது யார்? மொழிபெயர்ப்பவரா, நீங்களா?" தன்னைப் பற்றிய கேள்வியைத் தானே நம்மிடம் கேட்டார் எலீஸ் அக்கா, வேறு யாரையோ பற்றியது போல.

பதிலுக்குத் தலைவர் அவர்கள் தேநீர் இடைவேளை என்று அறிவித்தார்கள். நாவலாசிரியர் மேடையை விட்டு இறங்கி, நேராகப் பின்னால் நடந்து, அந்தத் தண்ணீர்ப் பெட்டிகளைத் தன் கையால் நகர்த்திவிட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனார். நாம் என்ன செய்தோம்? தேநீருக்கு வரிசையில் நின்றோம்.

அதற்கடுத்த வாரம் துறைக் கூட்டம். எலீஸ் அக்கா வேண்டுமென்றே தவறாக மொழிபெயர்த்துத் துறையை அவமானப்படுத்திவிட்டார் என்பது புகார். அன்று என்னைப் போல் பிரெஞ்சு வரும் ஹெட்போனையும் வைத்திருந்த ஆசிரியர்களில் பலர், ஹெட்போன் சரியாக வேலை செய்யவில்லை என்றார்கள். எத்தனை ஹெட்போன்கள் ஒரே நேரத்தில் பழுதாகின! நான் மட்டும், மொழிபெயர்ப்பு சரிதான் என்று சொன்னேன். எலீஸ் அக்காவைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டபோது, "என்ன சொன்னாரோ அதைத்தான் சொன்னேன். குறைச்சுச் சொல்ல எனக்கு உரிமை இல்ல. கூட்டியும் சொல்லல" என்றார்.

"நான் பாசத்துல அப்படிச் சொன்னேன்மா" என்றார்கள் தலைவர் அவர்கள். உண்மை. நம் மொழியில் 'அது' என்று பாசமாகவும் சொல்வோம். குழந்தையைச் சொல்வோம். தங்கையைச் சொல்வோம்.

எலீஸ் அக்கா அவரைப் பார்த்துச் சொன்னார். "பாசமா இருந்திருந்தா எனக்குக் கேட்டிருக்கும், சார். குரலை வச்சே பொழைச்சவ நான்."

அத்தோடு கூட்டம் முடிந்தது. அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்கு என் மேல் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. உண்மையைச் சொன்ன ஒரே ஆள் நான் அல்லவா! அந்தப் பெருமையை நினைத்தால்தான் இன்று உடம்பு கூசுகிறது. ஏனென்றால், அந்த ஒரு வாக்கியத்தோடு என் கடமை முடிந்துவிட்டது என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் படிக்கட்டில் என்னை நிறுத்தி எலீஸ் அக்கா நன்றி சொன்னார். பிறகு, மிகவும் தயங்கி, ஒன்றைச் சொன்னார். "அவர் சொன்னது எனக்குப் பெருசா தெரியல, மேடம். கால் சென்டர்ல இதைவிட மோசமா கேட்டிருக்கேன். ஆனா அங்க ஆள் முகம் தெரியாது. இங்க கண்ணாடி வழியா எல்லார் முகமும் தெரிஞ்சுது. சிரிச்ச முகமெல்லாம் எனக்குத் தெரிஞ்ச முகம்." இதைச் சொன்னபோது தலை குனிந்திருந்தவர் அவர். வெட்கப்பட வேண்டியவர்கள் சிரித்துவிட்டுப் போய்விட்டோம். அவர் எங்களுக்கும் சேர்த்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். வெளிநாட்டிலிருந்து ஒன்றும் உள்நாட்டிலிருந்து ஒன்றுமாக இரண்டு மதிப்பீட்டு அறிக்கைகளும் வந்தன. இரண்டும் பாராட்டின. உடனே நூலாக வெளியிட வேண்டும் என்று ஒருவர் பரிந்துரைத்தார். பாக்கி இருந்தது வாய்மொழித் தேர்வு ஒன்றுதான். தேதி குறிக்க ஒரு கையெழுத்து வேண்டும். சேர்க்கை வேலை முடியட்டும் என்றார்கள். பிறகு தேர்வுகள் முடியட்டும் என்றார்கள். பிறகு தணிக்கை வந்தது. நான் கேட்டேன், கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். எப்படிக் கேட்டேன்? கதவோரம் நின்று, 'நேரம் கிடைக்கும்போது பாருங்க சார்' என்று கேட்டேன். அப்படிக் கேட்டால் யாருக்கு நேரம் கிடைக்கும்? தேதி தள்ளிப்போன அந்த மாதங்களிலும் புதிய மாணவர்களின் விண்ணப்பங்களைச் சரிபார்த்தது எலீஸ் அக்காதான். வெளிநாட்டுத் தொலைபேசி வந்தால் ஓடிவந்து பேசியதும் அவர்தான்.

போன மாதம் ஒரு மதியம், நூலகத்தில் நெஞ்சு எரிகிறது என்று சொல்லியிருக்கிறார். வாயுப் பிடிப்பு என்று நினைத்து, சுடுதண்ணீர் குடித்துவிட்டுப் பேருந்தில் வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை.

செய்தி கேட்டு அவர் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் முறை. பட்டறைக்கு மேலே ஒரு மாடி. குறுகலான இரும்புப் படி. கூடத்தில் அலமாரி முழுக்கப் பிரெஞ்சு நாவல்கள், ஒவ்வொன்றுக்கும் செய்தித்தாளில் அட்டை போட்டு, முதுகில் மகளின் கையெழுத்தில் பெயர். அவருடைய கணவர் கையில் தொலைபேசியோடு நின்றுகொண்டிருந்தார். நாளிதழில் இரங்கல் அறிவிப்பு கொடுக்க வேண்டும், அவர்கள் இணைப்பில் காத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார்.

"பேருக்குக் கீழ என்ன போடணும்னு கேக்கறாங்க, மேடம். மாணவின்னு போட்டா, இந்த வயசுலயான்னு சிரிப்பாங்களோன்னு இருக்கு. டாக்டர்னு போடலாங்களா?"

நண்பர்களே, நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? போடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போடாதீர்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. 'இன்னும் தேர்வு முடியல' என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டினார். கோபப்படவில்லை. பிறகு, "சரி, வெறும் பேரே போட்டுடறேன். அங்க அவளை எல்லாரும் நல்லா நடத்துனீங்கல்ல? வீட்டுல எதுவும் சொல்ல மாட்டா" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. ஐயா, நீங்கள் இங்கேதான் அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் சொல்லாமல் வந்த பதிலை இவ்வளவு நேரமாக உங்கள் முன்னால் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாங்கள் நல்லபடியாக நடத்தவில்லை. அவரைத் தனியாகப் பார்க்கும்போது 'நீங்க' என்பேன். நாலு பேர் இருந்தால் 'நீ' என்பேன். என்னைவிட மூத்தவரை, என்னைவிட ஆழமாகப் படித்தவரை, பக்கத்தில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பார்த்து அழைத்தேன். அவருடைய ஆய்வே அதைப் பற்றித்தான். ஒவ்வொரு முறையும் அவர் கவனித்திருப்பார். ஒருமுறைகூடக் காட்டிக்கொள்ளவில்லை.

இந்தக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றப் போகிறோம் என்று அழைப்பில் போட்டிருக்கிறது. ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கும் தீர்மானம். நிறைவேற்றுங்கள். ஆனால் எலீஸ் அக்காவுக்குப் பாக்கி இருப்பது வருத்தம் அல்ல, தேர்வு.

அந்தத் தேர்வு வரும் வியாழக்கிழமை காலை இதே அரங்கத்தில் நடக்கும். ஆய்வாளர் நேரில் இல்லாமல் வாய்மொழித் தேர்வு கிடையாது என்பது விதி. பதிவாளர் அலுவலகத்தில் அதைத்தான் சொன்னார்கள். பட்டம் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது, பொய்யாக உறுதி சொல்ல மாட்டேன். பட்டத்துக்காக நான் எழுதிக் கேட்டுக்கொண்டே இருப்பேன், இந்த முறை கதவோரம் நின்று அல்ல. ஆனால் ஏட்டில் ஏறாவிட்டாலும் தேர்வை நாமாகவே நடத்த யாருடைய கையெழுத்தும் வேண்டாம். வெளித்தேர்வாளர் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அந்த நாவலாசிரியர் தன் ஊரிலிருந்து காணொலி வழியாகக் கேள்வி கேட்கிறார். அவருடைய கேள்விகளைத் தமிழில் சொல்ல எலீஸ் அக்காவிடம் படித்த மாணவிகள் இரண்டு பேர் முன்வந்திருக்கிறார்கள். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நான் நிற்பேன். இத்தனை வருடம் நெறியாளர் என்று கையெழுத்துப் போட்டவள், அந்த ஆய்வேட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒருமுறையாவது பதில் சொல்லட்டும். எனக்குத் தெரியாததை, தெரியாது, அவருக்குத்தான் தெரியும் என்று எல்லோர் முன்னாலும் சொல்லட்டும்.

தலைவர் அவர்களே, நீங்களும் வர வேண்டும். இது இலக்கியமா என்று அன்று கேட்டீர்கள். அந்தக் கேள்வியையே வியாழக்கிழமையும் கேளுங்கள். அவர் எழுதிய பதில் கடைசி இயலில் இருக்கிறது. நான் படித்துக் காட்டுகிறேன். பதிலைக் கேட்டபிறகு சிரிக்கத் தோன்றினால் சிரியுங்கள்.

இன்று காலை இந்த அரங்கத்துக்குள் வரும்போது எலீஸ் அக்காவின் மகள் வாசலில் என்னிடம் வந்தார். பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம் படிக்கிறார். தேர்வன்று விடுப்பு போட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். "அம்மா எழுதினதுல ஒரு இடம் எனக்குப் புரியல. அம்மாகிட்ட கேக்கணும்னு வச்சிருந்தேன். அன்னிக்கு நானும் கேள்வி கேக்கலாமா?" என்றார்.

தாராளமாகக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். முதல் கேள்வி அவருடையது.